எல்லா எண்ணெயும் மருந்தல்ல: பெங்களூருவின் வறண்ட காற்றில் சிதையும் 'தோல் அரண்' மீள்வது எப்படி?

பெங்களூரு: சென்னையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ பணி நிமித்தமாகப் பெங்களூருவில் குடியேறும் தமிழர்கள், முதல் ஆண்டிலேயே தங்கள் தோலில் ஒரு மாற்றத்தைக் கண்டு வியப்படைவதுண்டு. கணுக்காலுக்கு மேலே சாம்பல் பூத்தாற்போல் வெளிறும். உதடு வெடிக்கும். குளித்து முடித்த சில நிமிடங்களில் கன்னம் இழுத்துப் பிடிக்கும். வழக்கமாகப் பூசும் கிரீமே எரிச்சல் தரத் தொடங்கும். 'ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கூறிவிட்டு, வீட்டில் இருக்கும் ஏதோ ஓர் எண்ணெயை எடுத்துத் தடவிக்கொள்வதே பெரும்பாலானோர் செய்யும் முதல் வைத்தியம்.

அந்த வைத்தியம் சில வேளைகளில் பலனளிக்கிறது. சில வேளைகளில் சிதைந்த தோலை மேலும் சிதைக்கிறது. இரண்டில் எது நிகழும் என்பதை மூன்று காரணிகள் முடிவு செய்கின்றன: எண்ணெயின் வேதியியல் அமைப்பு, அது பூசப்படும் தோலின் நிலை, பூசும் நேரம். டாக்கா, டெல்லி, உத்தரப் பிரதேசம், இங்கிலாந்து ஆகிய இடங்களில் நடைபெற்ற ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன.

காற்றும் நீரும்

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் தக்காண மேட்டுநிலத்தில் அமைந்துள்ள நகரம் பெங்களூரு. பிப்ரவரி, மார்ச் மாதப் பிற்பகல்களில் இங்குக் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் அளவுக்கு இறங்குவது வழக்கம். கடலோரச் சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அது 60 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். வியர்வையில் நனைந்து பழகிய தோல், வியர்வையே தெரியாத ஊருக்கு வருகிறது. வெயில் சுடாததால் தண்ணீர் இழப்பும் உணரப்படுவதில்லை. உண்மையில், சுற்றியுள்ள காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு விரைவாகத் தோலின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுகிறது. குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் நாள் முழுவதும் அமர்ந்திருப்போருக்கு இந்த இழப்பு மேலும் கூடுகிறது.

அடுத்தது தண்ணீர். காவிரிக் குழாய்நீர் எட்டாத பகுதிகளில் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியுமே பல ஆண்டுகளாக நகரைத் தாங்கி வந்தன. புறநகரின் 110 கிராமங்களுக்காக உருவாக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், மாற்று ஆதாரம் இல்லாத நிலையில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறை. வாளியின் விளிம்பிலும் குழாய் முனையிலும் வெள்ளைப் படிவு கட்டும் வீடுகளில் நீர் கடினமானது என்பதை அறியக் கருவி ஏதும் தேவையில்லை.

கடின நீர் தானாகத் தோலை அரித்துவிடுவதில்லை. அதிலுள்ள கால்சியம் சோப்புடன் சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் தோலில் தங்கிவிடுகிறது. நீர் கடினமாக இருக்கும்போது சலவைப் பொருளின் எச்சம் தோலில் கூடுதலாகப் படிவதையும், அதனால் எரிச்சல் மிகுவதையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் உறுதி செய்தனர். அதற்காக, நீரை மென்மையாக்கும் கருவியை வாங்கிப் பொருத்தினால் எக்ஸிமா தணிந்துவிடும் என்றும் எண்ணிவிட முடியாது. இங்கிலாந்தில் 336 சிறாரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்வில், அத்தகைய கருவி பொருத்திய வீடுகளின் சிறாருக்குக் கூடுதல் பலன் ஏதும் கிட்டவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாய்க்குக் குழாய் விற்கப்படும் வடிகட்டிகளை வாங்கும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது. நீரை மாற்றுவதைவிடச் சோப்பைக் குறைப்பது எளிது, செலவும் இல்லை.

செங்கல்லும் சாந்தும்

தோலின் ஆக வெளியே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் மிகாத மெல்லிய படலம். உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் அது தடித்திருக்கும். உயிரற்ற தட்டையான செல்கள் 15 முதல் 20 அடுக்குகளாக அதில் அமைந்துள்ளன. அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞர் பீட்டர் இலியாஸ் 1980-களில் இதைச் செங்கற்சுவருக்கு ஒப்பிட்டார். செல்கள் செங்கற்கள், அவற்றின் இடையே நிரம்பியுள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்து. அந்தச் சாந்தில் ஏறத்தாழப் பாதி செராமைடு என்னும் கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி கொலஸ்டிராலும் கொழுப்பு அமிலங்களும். உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும், வெளியே இருக்கும் கிருமி, தூசு, ஒவ்வாமைப் பொருட்கள் உள்ளே நுழையாமலும் காப்பது இச்சுவரே. மருத்துவர்கள் 'தோல் அரண்' என்று குறிப்பிடுவது இதைத்தான்.

இந்த அரண் இலேசான அமிலத் தன்மையில், அதாவது பிஎச் அளவு 5-ஐ ஒட்டி இருக்கும்போதுதான், சாந்தை உருவாக்கும் நொதிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. வழக்கமான குளியல் சோப்பின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை. முதல் உலகப் போர்க் காலத்தில் மைசூர் சமஸ்தானம் சந்தன எண்ணெயைக் கொண்டு சோப்புத் தொழிலைத் தொடங்கிய பெருமை பெங்களூருவுக்கு உண்டு. ஆயினும் எந்த ஊர்ச் சோப்பானாலும், எவ்வளவு மணமுள்ளதானாலும், சோப்பு என்பது காரமே. ஒவ்வொரு முறை நுரைக்கும்போதும் அழுக்குடன் சாந்தின் ஒரு பகுதியும் கழுவப்படுகிறது. இளமையான, நோயற்ற தோல் அதைச் சில மணி நேரத்தில் சரிசெய்துகொள்ளும். நாளுக்கு இருமுறை சுடுநீரும் சோப்பும், மேலே உலர்ந்த காற்றும் என்றால் பழுது பார்க்க அவகாசம் இருப்பதில்லை.

சிலருக்கு இந்தச் சுவர் பிறவியிலேயே பலவீனமானது. செங்கற்களைக் கட்டமைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் குறைபாடு இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு பெருமளவு கூடுகிறது என்பது 2006-ல் கண்டறியப்பட்டது. அரிப்பு வந்ததால் தோல் வறண்டது என்ற பழைய எண்ணத்தை அது தலைகீழாக்கியது: பெரும்பாலும் சுவரில் விரிசல் முதலில், அரிப்பும் அழற்சியும் அதன் பின்னர்.

இன்னொரு வகைச் சேதம் அண்மைக் காலத்தியது. பெருநகர இளைஞர்களிடையே மிகுதி. முகத்தைப் பொலிவாக்கும் என்று நம்பி, பழ அமிலங்கள், ரெட்டினால், வைட்டமின் சி சீரம், துகள் கொண்ட ஸ்கிரப் ஆகியவற்றை ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் பயன்படுத்துவதால் நேர்வது. சுவரைப் பொலிவாக்குவதாக எண்ணி அதைச் சுரண்டி எடுக்கிறார்கள். இதற்கு மருந்து வாங்கத் தேவையில்லை. அவற்றைச் சில வாரங்கள் நிறுத்தினாலே போதும்.

மாய்ஸ்சரைசர் என்ன செய்கிறது?

சந்தையில் உள்ள மாய்ஸ்சரைசர்கள் பெயரால் நூற்றுக்கணக்கானவை, வேலையால் மூன்றே. கிளிசரின், யூரியா போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்து வைப்பவை. தாவர எண்ணெய்கள் செல்களின் இடைவெளியை நிரப்பித் தோலை மென்மையாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி போன்றவை மேலே மூடியாக அமர்ந்து நீராவி வெளியேறுவதைத் தடுப்பவை. நல்ல கிரீம் ஒவ்வொன்றும் இம்மூன்றின் ஏதோ ஒரு கலவையே.

நீரிழப்பைத் தடுப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு நிகரானது இன்றுவரை இல்லை. தடித்துப் பூசினால் தோல்வழி நீரிழப்பை ஏறத்தாழ முழுவதுமாகவே நிறுத்திவிடக்கூடியது அது. தாவர எண்ணெய்களால் அந்த அளவை நெருங்க முடிவதில்லை. அது தோலை 'மூச்சு முட்டச் செய்யும்' என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. தோல் நுரையீரல் அன்று. ஜெல்லி வெளிப்படலத்தின் இடைவெளிகளுக்குள் இறங்கி, அடியில் இயற்கையான பழுதுபார்ப்பு நடைபெற இடம் தருகிறது என்பது 1990-களிலேயே நிறுவப்பட்டது. பிசுபிசுப்பும், முகப்பரு உள்ளோருக்கு ஒவ்வாமல் போவதுமே அதன் குறைகள்.

'செராமைடு' என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டு விலையை மூன்று மடங்காக்கும் கிரீம்கள் குறித்து ஒரு சொல். செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகிய மூன்றும் ஏற்ற விகிதத்தில் சேர்ந்திருக்கும்போது அரண் விரைந்து மீள்கிறது. ஆனால் அவற்றுள் ஒன்றை மட்டும் தனித்துப் பூசும்போது மீட்சி தாமதப்படக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆகவே அந்தப் பெயர் மட்டும் உத்தரவாதம் ஆகாது. விலை குறித்துக் கவலைப்படும் குடும்பங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்துள்ளது. எக்ஸிமா உள்ள 550 சிறாருக்கு லோஷன், கிரீம், ஜெல், களிம்பு என நான்கு வகைகளைப் பிரித்தளித்து ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் வெளியானது. நான்கிடையே பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தவறாமல் பூசிக்கொள்ளப் பிடித்தது எதுவோ அதுவே நல்லது என்பதுதான் அதன் பொருள். குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்க் கலவைகளால் கூடுதல் நன்மை இல்லை என்பதும் 2018-ல் 483 சிறாரிடம் நடந்த மற்றோர் ஆய்வில் தெரியவந்தது.

ஒரே மாடியில் நான்கு எண்ணெய்

பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்பு எதிலும் ஒரே மாடியில் நான்கு எண்ணெய் மரபுகளைக் காணலாம். தமிழ் வீட்டில் நல்லெண்ணெய்; கேரள வீட்டில் தேங்காய் எண்ணெய்; கன்னட வீட்டில் ஹரளெண்ணெ எனப்படும் விளக்கெண்ணெய்; வடக்கிலிருந்து வந்தோர் வீட்டில் கடுகு எண்ணெய். யுகாதி அன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பது கன்னடர்களின் நெடுநாள் வழக்கம். நகரின் காற்று ஆண்டிலேயே மிக உலர்ந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்நாள் வருவது கவனிக்கத்தக்கது.

இந்த எண்ணெய்கள் எல்லாமே தோலுக்கு ஒன்றுதானா? இல்லை. வேறுபாடு அவற்றின் கொழுப்பு அமிலங்களில் உள்ளது. தோலின் சாந்தை உருவாக்க உடல் பயன்படுத்தும் கொழுப்பு அமிலங்களுள் முதன்மையானது லினோலெயிக் அமிலம். உடலால் அதைத் தானாக உற்பத்தி செய்ய இயலாது. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் இது பாதிக்கும் மேல். வட கர்நாடகத்தில் விளையும் குசுபே எனப்படும் குசும்பா விதை எண்ணெயில் அதைவிடவும் கூடுதல். இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது ஓலெயிக் அமிலம். அது தோலின் சாந்தைக் குலைத்து ஊடுருவும் இயல்புடையது. மருந்துகளைத் தோலின் வழியே உட்செலுத்த உதவும் பொருளாகவே அதை மருந்தியலாளர்கள் பயன்படுத்துகின்றனர். ஆலிவ் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்டது ஓலெயிக் அமிலமே.

பிறந்த குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் பூசுவது மேல்தட்டு வழக்கமாகப் பரவிவரும் இக்காலத்தில், ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட முடிவு பலரையும் திடுக்கிட வைத்தது. பெரியவர்கள் சிலரின் முன்கையில் நான்கைந்து வாரங்கள் ஆலிவ் எண்ணெய் பூசியபோது தோல் அரண் பலவீனமடைந்து, இலேசான சிவப்பும் தோன்றியது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் அரண் அப்படியே இருந்தது, ஈரப்பதமும் கூடியது. ஆய்வில் பங்கேற்றோர் எண்ணிக்கை சிறிதே என்றாலும், ஆலிவ் எண்ணெயை வறண்ட தோலுக்கு மருந்தாகப் பரிந்துரைக்கும் பழக்கத்தைக் கைவிடப் போதுமான காரணம் அது.

கடுகு எண்ணெயின் நிலை இன்னும் சிக்கலானது. அதிலுள்ள எரூசிக் அமிலமும், காரமணம் தரும் கந்தகச் சேர்மமும் தோலை எரிச்சலூட்டுபவை. எலிகளின் சிதைந்த தோலில் பல எண்ணெய்களைப் பூசிப் பார்த்து 2002-ல் வெளியான சோதனையில், சூரியகாந்தி எண்ணெய் அரணின் மீட்சியை விரைவுபடுத்தியது; கடுகு எண்ணெய் தாமதப்படுத்தியது. இளஞ்சூட்டில் கடுகு எண்ணெயைத் தேய்த்தால் உடல் கதகதப்பாகிறது என்று தலைமுறைகளாகக் கூறப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் அந்தக் கதகதப்பில் ஒரு பங்கு, தோலின் எரிச்சலே.

தேங்காய் எண்ணெய் இந்த இரு முகாம்களிலும் சேராது. அதில் பாதியளவு லாரிக் அமிலம். லினோலெயிக் மிகக் குறைவு. சாந்துக்கு மூலப்பொருள் தராவிட்டாலும் அது நல்ல மூடியாக அமைகிறது. சில கிருமிகளையும் கட்டுப்படுத்துகிறது. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 சிறாரிடம் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், எட்டு வாரங்களில் நோயின் தீவிரம் கன்னித் தேங்காய் எண்ணெய் பூசியோருக்கு 68 சதவீதமும், மினரல் எண்ணெய் பூசியோருக்கு 38 சதவீதமும் குறைந்தது. வறண்ட கை, கால், உடலுக்கு அது ஏற்றதே. முகப்பரு உள்ள முகத்துக்கு ஏற்றதன்று.

நல்லெண்ணெயில் லினோலெயிக், ஓலெயிக் இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் உள்ளன. எண்ணெய்க் குளியலில் கவனிக்க வேண்டியது எண்ணெயைவிட அடுத்து வரும் கட்டத்தைத்தான். அரை மணி நேரம் ஊறிய எண்ணெயை, பிசுக்கு போக வேண்டும் என்று சோப்பைப் போட்டுத் தேய்த்துக் கழுவும்போது கிடைத்த பலன் அதனுடன் போய்விடுகிறது. சோப்பைப் போன்ற காரத்தன்மை இல்லாத சீயக்காயையோ பயற்றம் மாவையோ கொண்டு, சிறிது எண்ணெய் தோலில் எஞ்சும்படி முடித்துக்கொண்ட முன்னோரின் முறை இன்றைய அறிவியலுடன் முரண்படவில்லை. பொடுகு உள்ளோர் மட்டும் தலையில் எண்ணெயை ஊறவிடக் கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்குப் பெரும்பாலான தாவர எண்ணெய்கள் உணவாகின்றன.

உயிர் காக்கும் படலம்

பெரியவர்களுக்குத் தோல் அரண் சிதைவது அரிப்பும் அழகுக் குறைவுமாக முடியலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது உயிர்ப் பிரச்சினை. கருவின் வெளிப்படலம் இறுதி வாரங்களில்தான் முழுமை பெறுகிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தையின் தோல் கண்ணாடித் தாள் போன்றது. அதன் வழியே நீரும் வெப்பமும் வெளியேறுகின்றன, மருத்துவமனைக் கிருமிகள் உள்ளே நுழைகின்றன.

வங்கதேசத்தின் டாக்கா சிசு மருத்துவமனையில் 1998 முதல் 2003 வரை, 33 வாரங்களுக்குள் பிறந்த 497 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. நாள்தோறும் சூரியகாந்தி எண்ணெய் மென்மையாகப் பூசப்பட்ட குழந்தைகளுக்கு, மருத்துவமனையில் தொற்றும் நோய்க்கான வாய்ப்பு 41 சதவீதம் குறைந்தது. எண்ணெயோ களிம்போ பூசப்படாத குழந்தைகளுடன் ஒப்பிடுகையில் இறப்பு 26 சதவீதம் குறைந்ததாகவும் பின்னர் வெளியான கணக்கீடு தெரிவித்தது. சமையலறையில் கிடைக்கும் ஒரு பொருள், விலையுயர்ந்த கருவிகள் இல்லாத மருத்துவமனையில் செய்த வேலை இது. மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசியபோது தோல்வழி நீரிழப்பு குறைந்ததை டெல்லியில் நடந்த ஆய்வும் காட்டியது.

இந்தியாவில் இதன் மிகப்பெரிய சோதனை உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடந்தது. கடுகு எண்ணெயை அழுத்தித் தேய்ப்பது அங்குள்ள வழக்கம். அதற்கு மாற்றாக, சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகப் பூசும் முறை ஒரு பகுதிக் கிராமங்களில் அறிமுகப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 26,000 குழந்தைகளை உள்ளடக்கிய அந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் 1,500 கிராமுக்கு மிகாத எடையுடன் பிறந்த குழந்தைகளிடையே இறப்பு 52 சதவீதம் குறைந்திருந்தது. தோல் அரண் யாருக்கு முழுமையடையவில்லையோ அவர்களுக்கே எண்ணெய் காப்பாக அமைகிறது என்பதை இந்த இரு முடிவுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன. குறைமாத, குறைஎடைக் குழந்தைகளுக்கு எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் குறிப்பிட்டுள்ளது. இதை மருத்துவர், செவிலியர் கண்காணிப்பில் செய்ய வேண்டும். வீட்டில் பாட்டி செய்வது போல் வலிந்து தேய்ப்பது அந்தத் தோலைக் கிழித்துவிடும்.

நிறைமாதத்தில், ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு இதே எண்ணெய் அவசியமா? மான்செஸ்டரில் 115 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வு, ஆலிவ், சூரியகாந்தி ஆகிய இரண்டு எண்ணெய்களுமே தோலின் ஈரப்பதத்தைக் கூட்டினாலும் அதன் சாந்து ஒழுங்காக அடுக்கப்படுவதைத் தாமதப்படுத்தின என்று கண்டது. பிறந்தது முதல் நாள்தோறும் மாய்ஸ்சரைசர் பூசினால் எக்ஸிமாவைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும், பிரிட்டனிலும் நார்வே, சுவீடனிலும் நடந்து 2020-ல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் பொய்த்தது. வந்த எக்ஸிமாவைக் கட்டுப்படுத்த மாய்ஸ்சரைசர் இன்றியமையாதது. வராமல் தடுக்க அதனால் இயலவில்லை.

'இயற்கை' என்ற சொல்லும் ஸ்டீராய்டு கிரீமும்

சமையல் எண்ணெய் வேறு, வாசனை எண்ணெய் வேறு. லாவெண்டர், டீ ட்ரீ, எலுமிச்சை போன்ற ஆவியாகும் எண்ணெய்களில் கொழுப்பே இல்லை. அவை அரணைச் செப்பனிடுவதில்லை. சிதைந்த தோலில் அவை ஒவ்வாமையைத் தூண்டுவது மருத்துவர்கள் அன்றாடம் காணும் ஒன்று. 'முற்றிலும் இயற்கையானது' என்ற வாசகம் தோலுக்கு எந்தப் பாதுகாப்பையும் உறுதி செய்யாது, எருக்கம்பாலும் இயற்கையானதே. செக்கில் ஆட்டிய வேர்க்கடலை எண்ணெய் போன்றவற்றில் விதையின் புரதம் சிறிதளவு எஞ்சியிருக்கும். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை அழற்சியுள்ள தோலில் பூசப்பட்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை மிகுந்து காணப்பட்டதைப் பிரிட்டன் ஆய்வு ஒன்று 2003-ல் பதிவு செய்தது. விரிசல் விட்ட சுவரின் வழியே எதை உள்ளே அனுப்புகிறோம் என்பது முக்கியம்.

இவை அனைத்தையும்விட அபாயமானது, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கிரீம். பூசிய இரண்டாம் நாளே சிவப்பும் அரிப்பும் மறைவதால் அது தோலைக் குணமாக்கியதாகத் தோன்றும். மருத்துவரின் அளவுக் கட்டுப்பாட்டில் அது நல்ல மருந்தே. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, நிறுத்திய உடனே முன்பைவிடக் கடுமையான எரிச்சல் திரும்பும். நாட்டின் 12 மையங்களில் முகத் தோல் பாதிப்புகளுடன் வந்த 2,926 நோயாளிகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், 433 பேர், அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், இத்தகைய கிரீமைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. நிறம் கூடும் என்று பூசியவர்களும் அவர்களுள் அடங்குவர். தோல் மருத்துவர்களின் தொடர் வலியுறுத்தலுக்குப் பின், 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என மத்திய அரசு 2018 மார்ச்சில் ஆணையிட்டது. இந்த வகைச் சேதத்துக்கு எந்த எண்ணெயும் மாற்றாகாது. திடீரென நிறுத்துவதும் கூடாது. தோல் மருத்துவரின் மேற்பார்வையிலேயே கைவிட வேண்டும்.

பூசும் முறையும் மீளும் காலமும்

முதல் வேலை சேதத்தை நிறுத்துவது. குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம்; வெதுவெதுப்பான நீர்; சோப்பு அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும். அதுவும் 'சிண்டெட்' எனப்படும், காரத்தன்மையற்ற கட்டியாக இருப்பது மேல். துவாலையால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் எஞ்சியிருக்கும்போதே மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். எண்ணெய் மட்டும் பூசுவோருக்கும் இதுவே விதி. எண்ணெயில் நீர் இல்லை. உலர்ந்த தோலில் பூசிய எண்ணெய் வறட்சியை மினுக்குகிறதே தவிர நீக்குவதில்லை. கிளிசரின் உள்ள கிரீமை முதலிலும், வெடித்த குதிகாலுக்கும் கைவிரல்களுக்கும் அதன் மேல் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ பூசி இரவில் காலுறை அணிவதும் பெங்களூருவின் குளிர்காலத்துக்குப் பொருந்தும். யூரியா கலந்த கிரீம் தடித்த குதிகாலுக்கு நல்லது. கீறல் விட்ட தோலில் எரியும், கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் பூசக் கூடாது.

நம் வீடுகளில் பூசும் அளவு பொதுவாகப் போதாது. கடுமையான வறட்சி உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 500 கிராம் வரை தேவைப்படலாம் என்பது பிரிட்டனின் மருத்துவக் கணக்கு. 50 கிராம் குழாயை மூன்று மாதம் வைத்திருப்போர் பலன் இல்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை. விலை தடையாக இருந்தால் பெரிய டப்பா பெட்ரோலியம் ஜெல்லியும் தேங்காய் எண்ணெயும் போதும். சூரியகாந்தி, குசும்பா எண்ணெய்களைச் சிறு பாட்டிலாக வாங்கி வெயில் படாமல் வைப்பது நல்லது. லினோலெயிக் மிகுந்த எண்ணெய் விரைவில் சிக்கு வாடை ஏறும், அந்த எண்ணெய் தோலுக்கு எரிச்சல் தரும். 'ஹை ஓலெயிக்' என்று குறிக்கப்பட்ட சூரியகாந்தி எண்ணெய் சமையலுக்கு உகந்தது. தோலுக்குத் தேடுவது அதுவன்று.

சமையல் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை. களிம்பும் எண்ணெயும் ஊறி உலர்ந்த துணி எளிதில் தீப்பற்றும். பிரிட்டனில் 50-க்கும் மேற்பட்ட தீ விபத்து மரணங்களுடன் இவை தொடர்புபடுத்தப்பட்டதையடுத்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரிக்கை விடுத்தது. பூசிய ஆடையுடன் எரிவாயு அடுப்பின் அருகிலும் பூஜை விளக்கின் அருகிலும் நிற்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஒருமுறை சிதைந்த அரண் இளையோருக்கு ஏறக்குறைய மூன்று நாட்களிலும், முதியோருக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்தும் மீள்கிறது. மீண்டும் மீண்டும் சிதைக்கப்பட்ட தோலுக்கு, முழு மேல்தோலும் புதுப்பிக்கப்படும் நான்கு வார காலமாவது தேவை. அதற்குள் பொருளை மாற்றிக்கொண்டே இருப்பது பலன் தராது.

நான்கு வாரங்கள் முறையாகப் பூசியும் மாற்றம் இல்லையெனில் காரணம் வேறு எங்கோ உள்ளது. தைராய்டு சுரப்புக் குறைவு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை முதலில் தோல் வறட்சியாகவே தலைகாட்டக்கூடும். இரவில் வீட்டில் உள்ள அனைவருக்கும் அரிப்பு இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். வெளிறி, வறண்டு, தொட்டால் உணர்வற்று இருக்கும் தேமல் தொழுநோயின் அறிகுறியாகக் கூடும். அதற்கு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. பெங்களூருவில் விக்டோரியா மருத்துவமனையிலும், சிவாஜிநகரில் உள்ள பவ்ரிங் மருத்துவமனையிலும் தோல் நோய் வெளிநோயாளர் பிரிவுகள் இயங்குகின்றன. நீர் வடிதல், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல் ஆகியவற்றுடன் கூடிய எக்ஸிமாவுக்கும், கைக்குழந்தையின் உடல் முழுதும் பரவிய சிவப்புக்கும் நான்கு வாரம் காத்திருக்கலாகாது; அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.